நாலு ஓட்டு வித்தியாசம்: கிளாரா காம்போஅமோர் பற்றிச் சில குறிப்புகள்

ஸ்பெயினில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த கதையை யார் சொன்னாலும் ஒரு தேதியும் ஒரு கணக்கும் தவறாமல் வரும். 1931 அக்டோபர் 1. ஆதரவு 161, எதிர்ப்பு 121. கிளாரா காம்போஅமோர் என்ற பெண் வழக்கறிஞர் அவையில் எழுந்து பேசினார், வென்றார், சுபம்.

குறிப்பெடுத்துக்கொண்டே போனபோது என்னை நிறுத்தியது அதற்குச் சரியாக இரண்டு மாதம் கழித்து நடந்த இன்னொரு வாக்கெடுப்பு. டிசம்பர் 1. கொடுத்த உரிமையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்று ஒரு முன்மொழிவு வந்தது. அது தோற்றது, 127-க்கு 131 என்று. நாலே நாலு ஓட்டு. அன்றைக்கு அவையில் இருந்த நாலைந்து பேர் காப்பி குடிக்க எழுந்து போயிருந்தால், நாம் இன்று வேறு கதை படித்துக்கொண்டிருப்போம்.

காம்போஅமோரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய பேச்சைக் கொண்டாடுகிறார்கள். நல்ல பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய உண்மையான வேலை வேறு இடத்தில் நடந்தது என்பது என் கட்சி. ஒரு சட்ட வாசகத்தில் எந்தச் சொல் பின்னால் வந்து கழுத்தை அறுக்கும் என்று முன்கூட்டியே பார்க்கிற வக்கீல் புத்திதான் அவருடைய பங்களிப்பு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே அவருடைய புத்தகத்தோடு எனக்கு இருக்கிற ஒரு சண்டையையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். 1888-இல் மத்ரித்தில் பிறந்தவர். அம்மா தையல்காரர். அப்பா ஒரு பத்திரிகை அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். சிறுவயதிலேயே அப்பா இறந்துவிட, படிப்பு நின்றது. தையல் வேலை, கடை வேலை, தொலைபேசி இணைப்பக வேலை என்று போனது வாழ்க்கை. 1909-இல் போட்டித் தேர்வு எழுதித் தந்தி இலாகாவில் சேர்ந்தார். சரகோசாவிலும் சான் செபாஸ்தியானிலும் வேலை. 1914-இல் இன்னொரு தேர்வு. மத்ரித்துக்குத் திரும்பி வந்து, பெரியவர்களுக்குத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஆனார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, விட்ட இடத்திலிருந்து பள்ளிப் படிப்பை முடித்து, சட்டக் கல்லூரிக்குப் போய், 1924 கடைசியில் பட்டம் வாங்கும்போது வயது 36. அடுத்த வருடம் மத்ரித் வழக்கறிஞர் சங்கத்தில் பதிவு செய்தார். அவருக்குச் சற்று முன்னால் அதே சங்கத்தில் சேர்ந்த முதல் பெண் விக்டோரியா கென்ட். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

1931 ஏப்ரலில் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ நாட்டை விட்டுப் போனார், குடியரசு வந்தது. புதிய அரசு மே மாதம் ஒரு விசித்திரமான ஆணை போட்டது. 23 வயதான பெண்கள் தேர்தலில் நிற்கலாம், ஆனால் ஓட்டுப் போட முடியாது! ஜூனில் தேர்தல். லெரூ தலைமையிலான ராடிகல் கட்சி சார்பில் மத்ரித் மாகாணத்திலிருந்து காம்போஅமோர் ஜெயித்தார். ராடிகல் சோஷலிஸ்ட் கட்சியிலிருந்து விக்டோரியா கென்ட் வந்தார். 470 பேர் கொண்ட அரசியல் நிர்ணய சபையில் அப்போதைக்கு இரண்டே பெண்கள். மூன்றாமவரான மார்கரீத்தா நெல்கன் வாக்கெடுப்பு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தார். அரசியல் சட்டத்தை வரையும் 21 பேர் குழுவில் காம்போஅமோர் ஒருவர்தான் பெண்.

இங்கேதான் என் முதல் குறிப்பு. குழு தயாரித்த வரைவில் சமத்துவம் பற்றி ஒரு பிரிவு இருந்தது. பிறப்பு, வர்க்கம், செல்வம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை ஆகியவை சட்டச் சலுகைக்கு அடிப்படை ஆகாது என்று முதலில் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை. தனியாக இன்னொரு வாக்கியம் போட்டு, ஆண் பெண் இருவருக்கும் உள்ள உரிமைச் சமத்துவம் ‘கொள்கையளவில்’ அங்கீகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

கொள்கையளவில்! நம்ம ஊர் அலுவலகங்களில் கோப்போடு அலைந்தவர்களுக்கு இந்தச் சொல்லின் ருசி தெரியும். கொள்கையளவில் ஒப்புதல் என்றால், கையில் எதுவும் வரவில்லை என்று அர்த்தம். காம்போஅமோர் பிடித்தது இதைத்தான். மற்றவற்றுக்கெல்லாம் திட்டவட்டமான தடை இருக்கும்போது பெண்ணுக்கு மட்டும் ஏன் இந்த நீக்குப்போக்கு என்று சண்டை போட்டார். கடைசியில் நிறைவேறிய 25-ஆம் பிரிவில் பாலினம் மற்றவற்றோடு அதே பட்டியலில் ஏறியது. ‘கொள்கையளவில்’ காணாமல் போனது. மேடையில் கைதட்டல் வாங்குகிற விஷயம் இல்லை இது. ஆனால் ஒரு சட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது சொல் இன்னும் சுவாரசியம். ஓட்டுரிமைப் பிரிவின் சாரம் இது: 23 வயதைக் கடந்த இரு பாலினருக்கும் சட்டம் தீர்மானிக்கிறபடி ‘அதே’ தேர்தல் உரிமைகள். காம்போஅமோரின் சொந்தக் கட்சிக்காரரான குவெர்ரா தெல் ரியோ ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒன்றும் பெரிதாக இல்லை, அந்த ‘அதே’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடலாம் என்றார்.

எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். இரு பாலினருக்கும் சட்டம் தீர்மானிக்கிற உரிமைகள். வாக்கியம் அழகாகவே இருக்கிறது. பெண்களும் உள்ளே இருக்கிறார்கள். ஆனால் எந்த உரிமை, எப்போது என்பதை நாளைக்கு வருகிற சாதாரணத் தேர்தல் சட்டம் முடிவு செய்துகொள்ளும். பெண்கள் ஓட்டு நமக்குச் சாதகமாக விழவில்லையா, சாதாரணப் பெரும்பான்மையில் சட்டத்தை மாற்றிவிடலாம். உரிமையை அரசியல் சட்டத்தில் வைப்பதற்கும் தேர்தல் சட்டத்தில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம், வீட்டைக் கிரயம் செய்துகொடுப்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம். திருத்தம் தோற்றது, ‘அதே’ தங்கியது.

அவை விவாதங்களில் இன்னும் என்னென்னவோ வந்தது. நோவோவா சாந்தோஸ் என்ற மருத்துவப் பேராசிரியர், பெண் என்றாலே உணர்ச்சிப் பிண்டம், ஹிஸ்டீரியா அவள் இயல்பு என்று உயிரியல் பாடம் எடுத்தார். அயூசோ என்ற உறுப்பினர் ஆணுக்கு 23 வயது, பெண்ணுக்கு 45 வயது என்று வைக்கலாம் என்றார். இவற்றை இன்று சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். அப்படிக் கடக்க முடியாத வாதம் விக்டோரியா கென்டுடையது.

கென்டை வில்லியாக்குவது சுலபம், பலர் செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். சிறைத் துறைத் தலைவராக இருந்தபோது கைதிகளின் விலங்குகளைக் கழற்றி, அந்த இரும்பை உருக்கி, சிறைச் சீர்திருத்தவாதி கொன்செப்சியோன் அரெனாலுக்குச் சிலை செய்ய வைத்தவர் அவர். உயர் ராணுவ நீதிமன்றத்தில் வாதாடி, குடியரசு இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரைக் காப்பாற்றியவர். அவர் சொன்னதன் சுருக்கம் இவ்வளவுதான்: பெண்ணின் தகுதியை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் இன்றைய ஸ்பானியப் பெண் பங்குச் சாமியார் சொல்கிறபடி ஓட்டுப் போடுவாள், குடியரசு கைக்குழந்தை, சில வருடம் குடியரசின் பலனை அனுபவித்துப் பார்க்கட்டும், பிறகு கொடுப்போம். நெல்கனும் ஏறக்குறைய இதே கருத்துக்காரர்தான்.

இதை அசட்டு வாதம் என்று தள்ள முடியாது. ஜனநாயகத்தை விரும்பாத அமைப்புகள் ஜனநாயகத்தின் வாசல் வழியாகவே உள்ளே வந்துவிடும் என்ற பயம், 1931 ஐரோப்பாவில் வீண் பயமா என்ன?

காம்போஅமோரின் பதில் மூன்று அடுக்காக இருந்தது. ஒன்று, தகவல். பெண்களிடையே எழுத்தறிவின்மை ஆண்களைவிட வேகமாகக் குறைந்து வருகிறது என்று எண்களை வைத்துக் காட்டினார். இரண்டு, நாட்டு வரலாறு. கியூபா போரின்போது சரகோசா தெருவில் இறங்கியவர்கள் பெண்கள் இல்லையா என்று கேட்டார். மூன்றாவதுதான் அடித்தளம். சுதந்திரத்துக்குப் பக்குவம் வந்த பிறகு சுதந்திரம் என்பது, நீச்சல் தெரிந்த பிறகு கிணற்றில் இறங்கு என்பது போல. நீ யாருக்கு ஓட்டுப் போடுவாய் என்று சொல், அப்புறம் உனக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று சொல்கிறோம் என்றால் அதற்குப் பெயர் உரிமை இல்லை, சம்பளம். இந்த உவமைகள் என்னுடையவை, நியாயம் அவருடையது.

வாக்கெடுப்பு நடந்தது. 161-121. மீதி 188 பேர் அவையிலேயே இல்லை, அதாவது பத்தில் நாலு பேர். சோஷலிஸ்ட் தலைவர் ப்ரியேத்தோ, குடியரசின் முதுகில் குத்திவிட்டார்கள் என்று கோபப்பட்டு வெளியேறினார். அசான்யா தன் நாட்குறிப்பில் அன்றைய அமர்வு நல்ல வேடிக்கை என்ற தொனியில் எழுதினார். காம்போஅமோர் கென்டைவிடக் கெட்டிக்காரர், ஆனால் பழகப் பிடிக்காதவர் என்று மதிப்பெண்ணும் போட்டார். இரண்டே பெண்கள், அவர்களுக்குள்ளேயே ஒத்துவரவில்லையே என்று பத்திரிகைகள் சிரித்தன. நானூற்றுச் சொச்சம் ஆண்களுக்குள் ஒத்துவராததை யாரும் வேடிக்கையாகப் பார்க்கவில்லை.

இப்போது டிசம்பர் 1-க்கு வருகிறேன். பெண்கள் முதலில் உள்ளாட்சித் தேர்தல்களில் ஓட்டுப் போட்டுப் பழகட்டும், நகரசபைகள் எல்லாம் புதுப்பிக்கப்பட்ட பிறகு நாடாளுமன்றத் தேர்தலுக்கு வரட்டும் என்பது அன்றைய முன்மொழிவு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! இது ஏன் முக்கியம் என்றால், அக்டோபர் வாக்கெடுப்பைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: வலதுசாரிகள் தங்கள் லாபத்துக்காக ஓட்டுப் போட்டதால்தான் அது நிறைவேறியது என்று. அன்றைக்கு வலதுசாரிகள் ஆதரித்தது உண்மை. ஆனால் அக்டோபர் நடுவிலேயே மதம் பற்றிய பிரிவை எதிர்த்து அவர்களில் பெரும்பாலோர் அவையை விட்டு வெளியேறிவிட்டார்கள். டிசம்பரில் பெண்கள் ஓட்டைக் காப்பாற்றிய 131 பேரில் பெரும்பகுதி, அந்த ஓட்டால் நஷ்டப்படக்கூடும் என்று தெரிந்த இடதுசாரிகள், முக்கியமாக சோஷலிஸ்ட்கள். அதனால்தான் இந்தச் சின்னக் கணக்கு எனக்குப் பெரிய கணக்காகத் தெரிகிறது.

ஓட்டு மட்டும்தான் அவர் செய்தது என்று நினைத்துவிடக் கூடாது. குடும்பத்தைப் பற்றிய 43-ஆம் பிரிவு திருமணத்தில் இருவருக்கும் சம உரிமை என்றது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் பெற்றோர் அதே கடமைப்பட்டவர்கள் என்றது. தந்தை யார் என்று விசாரிக்கச் சட்டம் வரும் என்றது. இந்தத் திசையில் அவர் தொடர்ந்து உழைத்தார். 1932 மார்ச்சில் விவாகரத்துச் சட்டம் வந்ததும், அவையில் ஆதரித்த சட்டத்தை நீதிமன்றத்தில் நடத்தியும் காட்டினார். எழுத்தாளர் கொன்சா எஸ்பினாவின் வழக்கும், எழுத்தாளர் வாலியே-இன்க்லானின் மனைவியான நடிகை ஹொசெஃபினா பிளாங்கோவின் வழக்கும் அவர் கையில்தான். அரசு உரிமம் கொடுத்து நடத்திய பாலியல் தொழில் முறையை ஒழிக்க வேண்டும் என்று அவையில் பேசினார். வக்கீலாக வாசலில் பார்த்த பெண்களைத்தான் சட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்று தோன்றுகிறது.

1933 நவம்பரில் பெண்கள் முதன்முறையாக நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள். வலதுசாரிகள் பெரிய வெற்றி பெற்றார்கள். உடனே பழி யார் தலையில்? சொல்லவே வேண்டாம். அவரும் தோற்றார், கென்டும் தோற்றார். யார் கணித்தது பலித்தது என்று பார்த்தால் கென்டுக்குத்தான் வெற்றி என்று ஊர் தீர்ப்பு எழுதியது.

அந்தத் தீர்ப்புக்கு எதிரான மேல்முறையீடுதான் 1936-இல் வந்த அவருடைய புத்தகம். தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பெண்களின் வாக்கும் நானும்: என் சாவான பாவம்’. கத்தோலிக்க ஞானோபதேசத்தில் வருகிற அதே சாவான பாவம்தான். பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குப் பயந்து ஓட்டை மறுத்தவர்கள் தனக்கு ஒரு பாவத்தைச் சுமத்திவிட்டார்கள் என்ற குத்தல் அதில் இருக்கிறது.

புத்தகத்தின் வாதம் வலுவானது. 1931-இல் சோஷலிஸ்ட்களும் குடியரசுக் கட்சிகளும் கூட்டாக நின்றார்கள்; 1933-இல் பிரிந்து நின்றார்கள். வலதுசாரிகள் சேர்ந்து நின்றார்கள். அன்றைய தேர்தல் முறை, ஒரு தொகுதியில் முந்துகிற பட்டியலுக்கே இடங்களில் பெரும்பகுதியைத் தூக்கிக் கொடுத்தது. பிரிந்தவன் தோற்றான், அவ்வளவுதான். அனார்க்கிஸ்ட்கள் வேறு ஓட்டே போடாதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். 1936 பிப்ரவரியில் இடதுசாரிகள் மக்கள் முன்னணியாகச் சேர்ந்து நின்றபோது ஜெயித்தார்கள். அதே பெண்கள், அதே ஓட்டு. அப்போது மட்டும் பங்குச் சாமியார் எங்கே போனார்?

இதுவரைக்கும் நான் அவர் பக்கம். சண்டை தலைப்பில் இருக்கிற ‘நானும்’ என்ற சொல்லோடுதான். புத்தகம் முழுக்க ஒருத்தி தனியாக நின்று போராடிய கதையாக ஓடுகிறது. கோபம் புரிகிறது. ஆனால் 161 என்பது ஒருவர் இல்லை. 131-உம் ஒருவர் இல்லை. தனக்கு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தும் ஓட்டுப் போட்ட சோஷலிஸ்ட் உறுப்பினர், தொழிற்சங்கப் பெண்கள், மனு எழுதிக் கையெழுத்து சேகரித்த பெண்கள் சங்கங்கள் எல்லாரும் இந்தக் கதையில் மங்கிப்போகிறார்கள். இன்றைக்கு அவரைத் தனி வீராங்கனையாகக் கொண்டாடுபவர்கள் அந்த மங்கலை அப்படியே நகலெடுக்கிறார்கள். அந்தப் பார்வையில் ஓட்டு ஒரு பெண்ணின் பரிசாகிவிடுகிறது. பரிசு என்றால் கொடுத்தவரைக் குற்றம் சொல்லவும் வழி பிறக்கிறது. 1933-இல் நடந்தது அதுதானே?

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. அக்டோபரில் அவருடைய சொந்தக் கட்சியே பெரும்பாலும் எதிர்த்து ஓட்டுப் போட்டது. அப்படியிருந்தும் ஏன் அங்கேயே இருந்தார்? 1933 முடிவில் அந்தக் கட்சி வலதுசாரிகளின் ஆதரவில் ஆட்சி அமைத்தபோது, சமூக நலத் துறையின் இயக்குநர் பதவியையும் ஏற்றுக்கொண்டார். 1934 அக்டோபரில் அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர் எழுச்சி ரத்தத்தில் நசுக்கப்பட்டது. அதன் பிறகுதான் விலகினார். வாசகத்தில் ஒரு சொல்லைத் தவறவிடாத கண், கட்சியின் போக்கைப் படிக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. இதைச் சொல்வது அவரைக் குறைப்பதற்கு இல்லை. கட்சி இல்லாமல் நாடாளுமன்றத்தில் எதுவும் நடக்காது என்பதும் ஒரு வக்கீலின் கணக்குதான்; அந்தக் கணக்கு தப்பாகப் போனது.

விலகியதற்கு விலையும் கொடுத்தார். அசான்யாவின் இடதுசாரிக் குடியரசுக் கட்சியில் சேர விண்ணப்பித்தார். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள்: சேர்க்க 68, மறுக்க 183. லட்சக்கணக்கான பெண்களுக்கு ஓட்டு வாங்கிக் கொடுத்தவரை ஓட்டுப் போட்டே வெளியே நிறுத்தினார்கள். 1936 தேர்தலில் அவருக்கு எந்தப் பட்டியலிலும் இடம் கிடைக்கவில்லை.

ஜூலையில் உள்நாட்டுப் போர். செப்டம்பர் வாக்கில் நாட்டை விட்டுக் கிளம்பினார். அடுத்த வருடம் பாரிசில் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம் போட்டார். அதில் குடியரசு தரப்பில் மத்ரித்தில் நடந்த கொலைகளையும் மறைக்காமல் எழுதினார். பிராங்கோவுக்கு அவர் எதிரி, குடியரசுக்காரர்களுக்கும் வேண்டாதவர். பிறகு பல வருடம் பியூனஸ் அயர்ஸில் மொழிபெயர்ப்பும் வாழ்க்கை வரலாறுகளும் எழுதிப் பிழைத்தார். நாடு திரும்பப் பார்த்தபோது பழைய ஃப்ரீமேசன் குற்றச்சாட்டு வழியை மறித்தது. 1955-இல் சுவிட்சர்லாந்தின் லோசானுக்குப் போய், ஆன்துவானெத் கின்ஷ் என்ற பெண் வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கின்ஷும் பெண்கள் ஓட்டுக்காகப் போராடியவர்தான். சுவிஸ் பெண்களுக்குத் தேசிய அளவில் ஓட்டு கிடைத்தது 1971-இல். நாற்பது வருடம் முன்னால் தன் நாட்டில் ஜெயித்த சண்டையை இங்கே இன்னொரு தரம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்.

1972 ஏப்ரல் 30-இல் லோசானில் இறந்தார். அப்போது ஸ்பெயினில் சுதந்திரமான தேர்தல் இல்லை. 1932 விவாகரத்துச் சட்டம் எப்போதோ ரத்து. கணவன் அனுமதி இல்லாமல் மனைவி வேலைக்குப் போகவோ வங்கிக் கணக்கு தொடங்கவோ முடியாத சட்டம் 1975 வரை இருந்தது. பெண்கள் மறுபடி சுதந்திரமாக ஓட்டுப் போட்டது 1977-இல். அஸ்தி சான் செபாஸ்தியானுக்குப் போனது, அவர் இளம் வயதில் தந்தி இலாகாவில் வேலை பார்த்த ஊருக்கு. மத்ரித்தின் சமார்த்தின் ரயில் நிலையம் இப்போது அவர் பெயரையும் சேர்த்துச் சுமக்கிறது.

அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தால் யாரும் தொட முடியாது என்று நம்பிய வக்கீலுக்கு, அரசியல் சட்டத்தையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்பது 1931-இல் தெரியாது. அப்படியானால் ‘அதே’ என்ற சொல்லுக்காகச் சண்டை போட்டது வீணா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தச் சொல்லை ஒழிக்க அவருடைய எதிரிகளுக்கு ஒரு போரே தேவைப்பட்டது. குவெர்ரா தெல் ரியோவின் வாசகம் நின்றிருந்தால் ஒரு மதிய அமர்வே போதுமாக இருந்திருக்கும்.